டர்போ பூட்டிய கதை

 

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கராஜுக்கு வந்தால், வாசலில் மூன்று பொடியன்மார் நிற்கிறார்கள். கையில் ஒரு ஷொப்பிங் பேக். உள்ளே பெரிய நத்தை ஓடு மாதிரி ஒரு இரும்புச் சாமான். பழைய டர்போ.

"நானா, நீங்க முந்தி ஒரு பைக்குக்கு டர்போ பூட்டினீங்களாம். எங்கட பைக்குக்கும் பூட்டித் தாங்க. காசு தாறோம்."

அவர்களில் ஒருவன் பத்தாம் ஆண்டில் எங்களிடம் விஞ்ஞானம் படித்தவன். அவனுக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் இந்தக் கதை பல மாதிரி ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியும். வாத்தியார் பைக்குக்கு ரொக்கட் பூட்டினார் என்கிறார்கள். அது பறந்தது என்கிறார்கள். பசறை ரோட்டில் பஸ்ஸையே முந்தியது என்று ஒருவர் பள்ளி வாசலில் வைத்தே சொன்னார். நடந்தது அதுவல்ல. நடந்ததைச் சொல்லாமல் இருந்ததால்தான் இந்தப் பிள்ளைகள் காசைக் கொடுத்து ஒரு சாமானை வாங்கி வந்து நிற்கிறார்கள். அதனால் எழுதுகிறோம். கொஞ்சம் நீளும். பொறுமையாக வாசியுங்கள்.

"நாங்கள்" என்று எழுதுவது பெருமைக்கு இல்லை. செய்தது நாங்கள் இரண்டு பேர். வாப்பாவின் இரண்டு பிள்ளைகள். மூத்தவர் வாத்தியார். இளையவர் வாப்பாவின் கராஜை நடத்துகிறார். தட்டுவது மூத்தவரின் விரல், ஆனால் ஒவ்வொரு வரியையும் இரண்டு பேரும் வாசித்துவிட்டுத்தான் போடுகிறோம். பிழையிலும் இரண்டு பேருக்கும் சம பங்கு.

மூத்தவருக்கு முதல் நியமனம் நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில். அங்கே படித்த ஒரு பையன். கணக்கில் கெட்டிக்காரன், ஓ.எல்.லோடு நின்றுவிட்டான். இப்போது பதுளை டவுனில் ஒரு கடையில் வேலை. அவனிடம் பழைய 100 சிசி பைக் ஒன்று இருக்கிறது. மூன்று கை மாறி வந்தது. 2023 நோன்புக்கு ஒரு வாரத்துக்கு முன்னால் கராஜுக்கு வந்தான்.

"சேர், பைக் மலை ஏறுதில்ல. அம்மாவ கிளினிக் கூட்டிட்டுப் போயிட்டு வாறப்ப கடைசி ரெண்டு முடக்குலயும் அம்மா எறங்கி நடக்கணும். மொழங்கால் நோவு அவங்களுக்கு. டர்போ ஒண்டு பூட்டினா ஏறும்னு போன்ல பாத்தேன். பாஸ் பூட்டித் தருவாரா?"

மாதம் இரண்டு முறை பதுளை ஆஸ்பத்திரிக்கு வரும் அம்மா அவர். பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து லயத்துக்குத் தோட்டத்து ரோட்டில் ஏற வேண்டும். புது பைக் வாங்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பைக் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். 2022இல் கியூஆர் காட்டி கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் வாங்கிய நாட்களும் மறந்திருக்காது. இருக்கிறதைத் திருத்தி ஓட்டுவதுதான் வழி.

அவன் கேட்டது மலை ஏற வழி. எங்கள் காதில் விழுந்தது டர்போ என்ற ஒரு சொல் மட்டும்.

உண்மையைச் சொன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் அது சின்ன வயது ஆசை. லங்கம பஸ்ஸும் லொறியும் மலை ஏறும்போது ஒரு விசில் சத்தம் வருமே, அது என்ன என்று வாப்பாவிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பையனை வாங்கில் உட்காரவைத்து மூத்தவர் பாடமே நடத்திவிட்டார்.

பாடம் பிழையில்லை. அதையும் சொல்லிவிடுகிறோம், பிள்ளைகளுக்கு உதவும்.

எஞ்சினுக்குள் எரிவது பெற்றோல் மட்டுமில்லை, காற்றும் சேர்ந்துதான். காற்றுக் குறைந்தால் வலு குறையும். மேலே போகப் போக காற்று ஐதாகும். கடல் மட்டத்தில் இருக்கிற காற்றழுத்தத்தில் பதுளை டவுனில் ஏறக்குறைய நூற்றுக்கு 92தான் இருக்கிறது. அப்புத்தளையில் 84. ரயில் பாதையின் உச்சியான பட்டிப்பொலையில் 80க்கும் கொஞ்சம் கீழே. ஒவ்வொரு 1000 அடிக்கும் எஞ்சின் நூற்றுக்கு 3 அளவில் வலுவை இழக்கும் என்பது பழைய கணக்கு. பையனின் லயம் ஏறக்குறைய 4000 அடி. கொழும்பில் ஓடும் அதே பைக் அங்கே நூற்றுக்கு 12 வலுக் குறைவாகத்தான் ஓடும்.

டர்போ இந்தக் குறையைத்தான் நிரப்புகிறது. சைலன்சர் பக்கம் வீணாகப் போகிற சூட்டுப் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறு முனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான் அது. சுவிட்சர்லாந்தின் அல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்கு உரிமம் எடுத்தார். அமெரிக்காவில் ஸான்ஃபோர்ட் மொஸ் 1918இல் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லொறியில் ஏற்றி 14,000 அடிக்கு மேலே பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டு போய்ப் பரிசோதித்தார். கீழே 350 குதிரை வலு தந்த எஞ்சின், மேலே 230க்கு இறங்கியது. டர்போ பூட்டியதும் 356 தந்தது. மலை எடுத்ததை டர்போ திருப்பிக் கொடுத்தது.

இந்தக் கதையை மூத்தவர் சொன்னபோது பையனின் கண் விரிந்ததைப் பார்த்திருக்க வேண்டும். எங்களுக்கும் அப்படித்தான். மலைநாட்டுக்காரனுக்கென்றே கண்டுபிடித்தது போல இருந்தது.

அட்டாளைச்சேனையில் கலாசாலையில் படித்த நாட்களில் பாடக் குறிப்பு எழுதும்போது ஒரு பழக்கம் வைத்திருந்தோம். பாடத்தைத் தொடங்க முன், பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும், என்ன தேவை என்று எழுத வேண்டும். அன்றைக்கு அந்த வரி காலியாகவே கிடந்தது. பைக்கை ஒரு முறை மலையில் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பஞ்சிகாவத்தையில் கேட்டுப் பார்த்து, கடைசியில் இங்கேயே பக்கத்து ஊரில் உடைத்து விற்கும் ஓரிடத்தில் கிடைத்தது. ஜப்பானில் இருந்து வரும் 660 சிசி சின்ன வேனின் டர்போ. உள்ளங்கையில் அடங்கும். விலை 35,000 ரூபா. பையன் மறு நாளே காசைக் கொண்டு வந்து தந்தான். எங்கிருந்து என்று நாங்கள் கேட்கவில்லை. சேர்த்து வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டோம்.

நோன்பு மாதம். பாடசாலை விடுமுறை. பகலில் இருவரும் தூக்கம், தராவீஹ் முடிந்து வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை. ஸஹர் வரைக்கும். உம்மா கஞ்சியைப் போத்தலில் ஊற்றி அனுப்புவார். பையனும் கடை மூடியதும் வந்துவிடுவான். நோன்பு அவனுக்கு இல்லை, ஆனால் எங்களோடு உட்கார்ந்து கஞ்சி குடிப்பான். அந்த இரவுகள் சந்தோசமான இரவுகள். அதை மறைக்க மாட்டோம்.

என்னென்ன செய்தோம் என்றால்: சைலன்சர் பெண்டை வெட்டி, லேத்தில் ஒரு தடித்த வளையம் கடைந்து, டர்போவை எஞ்சினுக்கு முன்னால் கீழ்ப் பக்கமாகத் தொங்கவிட்டோம். வேறு இடமில்லை. அதன் தண்டு எண்ணெயில் மிதந்துதான் சுற்ற வேண்டும். அதனால் எஞ்சின் ஹெட்டுக்குப் போகும் எண்ணெய் வழியில் ஒரு துளை எடுத்து, மெல்லிய குழாய் போட்டு டர்போவுக்கு இறக்கினோம்.

அடுத்தது காற்று. பஸ்ஸுக்கு நான்கு, ஆறு சிலிண்டர். எப்போதும் ஏதாவது ஒன்று புகையைத் தள்ளும், இன்னொன்று காற்றை இழுக்கும். ஒற்றைச் சிலிண்டரில் அப்படியில்லை. அது புகையைத் தள்ளி டர்போவைச் சுற்றுகிற நேரம் காற்று வால்வு மூடியிருக்கும். காற்று வால்வு திறக்கிற நேரம் புகை வராது. அமுக்கின காற்றைப் பிடித்து வைக்க நடுவில் ஒரு டாங்கி வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் விவசாய டிராக்டர்களில் இருக்கும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு இப்படிக் காற்று டாங்கி வைத்துப் பார்த்திருக்கிறார்கள், எஞ்சின் அளவைப் போல சில மடங்கு பெரிய டாங்கி. நாங்களும் ஒரு இரும்புக் குழாயின் இரண்டு முனையையும் அடைத்து ஒட்டினோம். காபரேட்டருக்கு முன்னால்தான் வைத்தோம். பின்னால் வைத்தால் பெற்றோல் கலந்த காற்று நிரம்பிய குண்டு ஒன்றை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஓட்டுவது போல. அந்த அளவுக்காவது புத்தி இருந்தது.

ஏப்ரல் முதல் கிழமை முடிந்தது. சித்திரை வருசப் பிறப்புக்கு அம்மாவை பைக்கில் டவுனுக்குக் கூட்டி வந்து சாரி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது பையனின் கணக்கு.

ஒரு நாள் ஸுபஹ் தொழுதுவிட்டு, ரோட்டில் ஆள் வர முன்னால் பசறை ரோட்டுக்கு எடுத்தோம். இளையவர் பைக்கில். மூத்தவரும் பையனும் பின்னால் த்ரீவீலரில்.

ஸ்டார்ட் ஆனது. மெல்ல ஏறியது. மெல்ல என்றால் முன்னையை விட மெல்ல. கியரைக் குறைத்து முழு திராட்டில் கொடுத்தபோது ஒரு மெல்லிய விசில் கேட்டது. பையன் த்ரீவீலருக்குள் கை தட்டினான். "சேர், கேக்குதா? கேக்குதா?" கேட்டது. எங்களுக்கும் மயிர் கூச்செறிந்தது.

விசில் வந்தது, வலு வரவில்லை.

நாலைந்து முடக்குத் தாண்டியதும் பின்னால் வெள்ளைப் புகை. பனி என்று முதலில் நினைத்தோம். அடுத்த ஏற்றத்தில் எஞ்சின் ஒரு மாதிரி முனகிவிட்டு அப்படியே சீஸ் ஆகி நின்றது. பின் சில்லு இறுகி, ஈரமான ரோட்டில் ஒரு முழத் தூரம் இழுத்துக்கொண்டு போனது. ஏற்றம், வேகமில்லை. இளையவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், ஒரு கீறல் இல்லை.

ஆனால் அந்த ரோட்டை எங்களுக்குத் தெரியும். 2021 மார்ச் 20ஆம் திகதி 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்த அன்று இந்த ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றும் தெரியும். அது பசறைக்கு அப்பால். ஆனால் முடக்கும் பள்ளமும் எல்லாப் பக்கமும் ஒன்றுதான். இறக்கத்தில் இருந்திருந்தால்? பின்னால் அந்த அம்மா இருந்திருந்தால்? மூன்று பேரும் பைக்கைத் தள்ளிக்கொண்டு பேசாமல் இறங்கினோம். அந்த இறக்கத்தில்தான் இளையவர் பின் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு பிரேக்கே இல்ல." லைனர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. மூன்று கிழமை அந்த பைக்கோடு இருந்தோம். அதை ஒருவரும் பார்க்கவில்லை.

எஞ்சினைக் கழற்றினோம். காரணம் எல்லாம் மேசையில் கிடந்தது. அந்தச் சின்ன எஞ்சினின் எண்ணெய் மொத்தமே ஒரு லீற்றர் அளவு. அதன் பம்ப் தன் ஹெட்டுக்கு மட்டும் போதுமான பம்ப். அதில் பாதியை நாங்கள் டர்போவுக்குத் திருப்பிவிட்டோம். டர்போ தொங்கியது எண்ணெய்த் தொட்டியை விடத் தாழ்வாக. போன எண்ணெய் திரும்பி வர வழியில்லை. டர்போவுக்குள் தேங்கி, சீல் வழியாக வழிந்து, சைலன்சரில் எரிந்து புகையாகப் போனது. மேலே கேமும் ரொக்கரும் காய்ந்து நீலம் பாய்ந்திருந்தன. பிஸ்டன் பக்கமெல்லாம் கீறல்.

அது வேலையில் வந்த பிழை. அதைவிடப் பெரிய பிழை கணக்கில். அன்று மாலை மூத்தவர் வெண்கட்டி எடுத்து ஷட்டரில் எழுதிப் பார்த்தார். எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை தன் அளவுக் காற்றை இழுக்கும். 660 சிசி வேன் 3000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 990 லீற்றர் காற்று. அந்த டர்போ வேலை செய்யத் தொடங்குவது ஏறக்குறைய அங்கேதான். 100 சிசி பைக்கை 8000 சுற்றுக்கு முறுக்கினாலும் 400 லீற்றர். பாதிகூட இல்லை. ஆற்று நீருக்குச் செய்த சக்கரத்தைப் பீலித் தண்ணீரில் வைத்துச் சுற்றப் பார்த்திருக்கிறோம். நாங்கள் பூட்டியது டர்போ இல்லை, சைலன்சரில் ஒரு அடைப்பு.

ஓ.எல். பிள்ளை இரண்டு நிமிடத்தில் போடும் கணக்கு. 35,000 ரூபாவைக் கொடுக்க முன்னால் போட்டிருக்க வேண்டும்.

பிறகு தேடி வாசித்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது. ஜப்பானின் நாலு பெரிய கம்பனியும் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. ஹொண்டா 1982இல் சிஎக்ஸ் 500 டர்போ விட்டது. அதற்காகவே மிகச் சின்ன டர்போ செய்வித்து, அந்தக் காலத்திலேயே கம்பியூட்டர் பார்த்து பெற்றோல் பீய்ச்சும் முறையும் வைத்தது. அதே வருசம் யமஹா எக்ஸ்ஜே 650 டர்போ. அடுத்து சுசுகி எக்ஸ்என் 85. பிறகு கவாசாகி 750 டர்போ, 112 குதிரை வலு. எல்லாம் இரண்டு அல்லது நாலு சிலிண்டர், 500 சிசிக்குக் குறையாதவை. திராட்டிலைத் திருகினால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று தள்ளும். வளைவில் அப்படித் தள்ளினால் என்ன ஆகும் என்று பைக் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாரம், சூடு, விலை எல்லாம் சேர்ந்து, 80களின் நடுவோடு நாலு கம்பனியும் விட்டுவிட்டன. 2015இல் கவாசாகி எச்2 வந்தபோது அதில் காற்றை அமுக்குகிற சக்கரத்தை எஞ்சினே பல்சக்கரம் வைத்துச் சுற்றியது, புகை இல்லை. அத்தனை பொறியியலாளர்கள் விட்ட இடத்தில் நாங்கள் வெல்டிங் மெசினோடு தொடங்கியிருக்கிறோம்.

பைக் திருத்த நாளாகும் என்று சொல்லத்தான் வருசப் பிறப்புக்கு அடுத்த நாள் இரண்டு பேரும் லயத்துக்குப் போனோம். போன் பண்ணிச் சொல்லக்கூடிய விசயம் இல்லை.

அம்மா எங்களைக் கண்டு முந்தானையால் கதிரையைத் துடைத்தார். "நோம்பு நாளு, தேத்தண்ணிகூட குடுக்க ஏலாம இருக்கே சேர்" என்று வருத்தப்பட்டார். பலகாரத்தைச் சுற்றி, "நோம்பு தொறக்கிறப்ப சாப்பிடுங்க" என்று கையில் தந்தார். அப்போதுதான் பார்த்தோம். காதில் தோடு இல்லை. துளை தூர்ந்து போகாமல் இருக்க ஈர்க்குத் துண்டு ஒடித்துச் செருகியிருந்தார்.

இரண்டு பேரும் ஒன்றும் கேட்கவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவே சொன்னார்: "ஈடு வச்சிருக்கு சேர். பைக்கு சரியாயிட்டா இவன் மாசா மாசம் கட்டி மூட்டுருவான். நீங்க செஞ்சு குடுக்கிறீங்கன்னு சொன்னான், அப்ப பயமில்லன்னு கழட்டிக் குடுத்தேன்."

நீங்கள் செய்து கொடுக்கிறீர்கள், அப்போது பயமில்லை. அந்த வார்த்தையை இன்றுவரை விழுங்க முடியவில்லை. 2021இல் 1000 ரூபா என்று கூட்டிய நாட்சம்பளத்தில் 35,000 என்றால் முப்பத்தைந்து நாள் கொழுந்து. எங்களுக்கு அது விடுமுறை விளையாட்டு.

வரும் வழியில் த்ரீவீலருக்குள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது ஒரே ஒரு விசயம். 35,000 ரூபாவும் ஈட்டு வட்டியும் எங்கள் கடன். ஸதகா இல்லை, கடன். எஞ்சின் செலவும் எங்களது.

பையன் ஒத்துக்கொள்ளவில்லை. "நான்தானே சேர் கேட்டேன்" என்றான். "நீ கேட்டது மலை ஏற. டர்போவை நல்லாப் பேசி வித்தது நாங்க" என்று இளையவர் சொன்னார். இளையவர் கராஜுக்கு வாங்க வைத்திருந்த கொம்பிரசரைத் தள்ளிப் போட்டார். மூத்தவரின் சம்பளத்தில் கொஞ்சம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் தோடு அந்தக் காதுக்குத் திரும்பிவிட்டது.

இப்போது பைக் கதை. போர் பண்ணி, பிஸ்டன், ரிங், கேம், ரொக்கர் எல்லாம் மாற்றி எஞ்சினை அதன் சொந்த நிலைக்குக் கொண்டு வந்தோம். பிறகு முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். மூத்தவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இளையவர் அந்தத் தோட்டத்து ரோட்டில் ஓட்டினார். கடைசி இரண்டு முடக்கிலும் பைக் நின்றது. மூத்தவர் இறங்கி நடந்தார். நடக்கும்போதுதான் அந்த அம்மாவின் முழங்கால் என்ன பாடு பட்டிருக்கும் என்று விளங்கியது.

அங்கேயே ரோட்டோரத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

ஒன்று: பின் ஸ்ப்ரொக்கட். இந்த பைக்குக்குக் கம்பனி போட்டது 42 பல்லு. இருந்தது 38. முதல் வைத்திருந்தவர் மொனராகலைப் பக்கம் சமதரையில் வேகம் போக மாற்றியிருக்கிறார். சமதரைக்கு நல்லது. மலைக்கு அது எதிரி.

இரண்டு: எயார் ஃபில்டர் தூசியும் எண்ணெயும் சேர்ந்து தோசை மாதிரி ஆகியிருந்தது. குறைந்த காற்றையும் அது மறித்தது.

மூன்று: பிளக் கரி பிடித்துக் கறுப்பு. மேலே காற்று ஐது, ஆனால் காபரேட்டர் கீழே கொடுக்கிற மாதிரியே பெற்றோலைக் கொடுக்கும். மெயின் ஜெட் ஒரு அளவு சின்னதாகப் போட வேண்டும். பெற்றோலும் மிச்சம்.

நாலு: க்ளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்கியது. எஞ்சின் கத்தும், சில்லுக்குப் போகாது.

ஐந்து: பிரேக். அதை முன்னமே சொன்னோம்.

பின் ஸ்ப்ரொக்கட் 44 பல்லுப் போட்டோம். 38க்குப் பதில் 44 என்றால் சில்லில் இழுவை நூற்றுக்கு ஏறக்குறைய 16 கூடும். உயரம் எடுத்தது 12 என்றோமே, அதை ஈடு செய்து கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. இலவசம் இல்லை, ஒவ்வொரு கியரிலும் வேகம் அதே அளவில் குறையும். தோட்டத்து ரோட்டில் யாருக்கு வேகம் வேண்டும்? செயின், ஸ்ப்ரொக்கட், ஜெட், ஃபில்டர், க்ளட்ச் பிளேட், பிரேக் லைனர் எல்லாம் 14,000 ரூபாவுக்குள் முடிந்தது. அதைப் பையன் தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தான், கட்டினான். அதை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

அடுத்த கிளினிக் நாளில் போன் வந்தது. "சேர், அம்மா எறங்கல. வாசல் வரைக்கும் வந்துட்டோம்."

டர்போவை நாங்கள் வைத்துக்கொண்டோம். இப்போது அது விஞ்ஞான கூடத்தில் இருக்கிறது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் விரலால் சுற்றிப் பார்ப்பார்கள். 990, 400 கணக்கை அவர்களே போடுவார்கள். யாருடைய காசு அது என்றும் சொல்லித்தான் கொடுக்கிறோம்.

இனி ஷொப்பிங் பேக்கோடு வந்த பொடியன்மாருக்கு. அவர்களுடையது 150 சிசி. வெண்கட்டியைக் கையில் கொடுத்தோம். 9000 சுற்றுக்கு 675 லீற்றர் என்று அவர்களே எழுதினார்கள். பக்கத்தில் 990. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எங்களிடம் படித்தவன் கேட்டான்: "அப்ப, இத விடச் சின்ன டர்போ ஒண்டு கிடைச்சா சரி வருமா சேர்?"

நல்ல கேள்வி. ஒளிக்காமல் பதில் சொன்னோம். வரலாம். ஆனால் காற்றை அமுக்கித் தள்ளினால் பெற்றோல் தானே வெடித்து பிஸ்டனை உடைக்கும், அதைத் தடுக்க எஞ்சினின் அமுக்க விகிதத்தைக் குறைக்க வேண்டும், பெற்றோலைச் சரியாக அளந்து பீய்ச்ச வேண்டும், தனி எண்ணெய் பம்ப் வேண்டும், அதற்கு ஏற்ற க்ளட்ச் வேண்டும், எல்லாவற்றுக்கும் முதலில் அந்த வேகத்தை நிறுத்தக்கூடிய பிரேக் வேண்டும். செலவு பைக்கின் விலையைத் தாண்டும். பதிவுப் புத்தகத்தில் இல்லாத எஞ்சினோடு ரோட்டில் ஒரு விபத்து நடந்தால் பொலிஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் நீங்கள் சொல்லப் போகும் பதில் என்ன? வேகம்தான் ஆசை என்றால் நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி இருக்கிறது. அங்கே ரோட்டில் எதிரே பஸ் வராது, அம்புலன்ஸ் நிற்கும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை இப்படி ஒன்று கேட்டால் "விசர் வேலை" என்று விரட்டாதீர்கள். விரட்டினால் நமக்குத் தெரியாமல் எங்கேயாவது பூட்டிக்கொள்வான். எதற்கு வேண்டும் என்று கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.

நோன்பு வர இன்னும் சில வாரம். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு கராஜ் திறந்திருக்கும். டவுனோ தோட்டமோ, எந்தப் பாடசாலைப் பிள்ளையோ, யாரும் பைக்கோடு வரலாம். பிரேக், செயின், ஃபில்டர், ஜெட் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறோம். கூலி இல்லை, சாமான் காசு மட்டும். உங்கள் பைக் எந்த மலையில் திணறுகிறது என்று முதலில் சொல்லுங்கள், அந்த மலைக்கே போய்ப் பார்ப்போம்.

அந்த மூன்று பேரும் பேக்கைக் கராஜில் விட்டுவிட்டுப் போனார்கள். நேற்று ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். தன் நானாவின் பைக்கைத் தள்ளிக்கொண்டு. பிரேக் லைட் எரியவில்லையாம். திறந்து பார்த்தால் லைனரும் இல்லை.

அவனே மாற்றிவிட்டுத்தான் போனான். பேக் இன்னும் இங்கேதான் இருக்கிறது. விற்றுத் தரச் சொன்னால் விற்றுத் தருவோம்.

வஸ்ஸலாம்.